25 கிராம் ஸ்டவ்வும் ஆடிக் காற்றும்

கேள்வி: நானும் என் தம்பியும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் மணாலியிலிருந்து ஹம்ப்டா கணவாய்க்குப் போகிறோம். இதற்கு முன் இரண்டு முறை இமயமலைக்குப் போயிருக்கிறோம். அப்போது சமையல், கூடாரம் எல்லாம் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பு. இந்த முறை உள்ளூர் வழிகாட்டி ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நாங்களே பார்த்துக்கொள்வதாக முடிவு. அடுப்பு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. தம்பி 25 கிராம் எடையுள்ள டைட்டானியம் கேஸ் ஸ்டவ் ஒன்றை இணையத்தில் பார்த்துவிட்டு அதிலேயே நிற்கிறான். குளிர்பானக் கேனை வெட்டி ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் அடுப்பு அதைவிட இலேசு என்கிறார் அவன் நண்பர். எனக்கு அம்மாயி வைத்திருந்த பித்தளை பம்ப் ஸ்டவ்மேல்தான் நம்பிக்கை, இன்றும் எரிகிறது. கேஸ் கேனை விமானத்தில் விடமாட்டார்கள் என்பதால் ரயிலில் கொண்டுபோகலாமா? புறப்படும் முன் கொல்லிமலையிலோ வால்பாறையிலோ ஒருமுறை சமைத்துப் பார்க்கலாமா? இரண்டு பேருக்கு நான்கு இரவுக்கு எவ்வளவு கேஸ் வேண்டும்? நாளுக்கு ஒரு வேளையாவது சோறும் ரசமும் வேண்டும் என்பது என் நிபந்தனை.
- கோவை வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ரயில் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று எரிந்து 9 பேர் இறந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்த பெட்டி. திருட்டுத்தனமாக ஏற்றி வந்த எரிவாயு சிலிண்டரை வைத்துத் தேநீர் போடப்போய் நடந்த விபத்து அது. உங்கள் கேன் சின்னதுதான். ஆனால் பூட்டிய பெட்டிக்குள் கசிந்தால் கேஸுக்குச் சின்னது பெரியது தெரியாது. ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. விமானத்திலும் அப்படித்தான், கையில் வைத்திருக்கும் பையிலும் சரி, செக்-இன் பையிலும் சரி, கேன் கூடாது. தீப்பெட்டி, லைட்டரையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மணாலியில் பெட்டிக்கடையில் கிடைக்கும்.

இதிலிருந்தே உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பாதி தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. எரிபொருளை இங்கிருந்து கொண்டுபோக முடியாது, மணாலியில்தான் வாங்கியாக வேண்டும். ஆகவே மணாலியில் நம்பி வாங்கக்கூடிய எரிபொருள் எது என்று பார்த்துவிட்டு, அதை எரிக்கும் அடுப்பை இங்கே வாங்குங்கள். என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடுப்பைக் கிராம் கணக்கில் தராசில் போட்டு வாங்கிவிட்டு, மலையடிவாரத்துக்கு வந்தபின் அதற்கு எரிபொருள் தேடுகிறார்கள்.

அம்மாயியின் ஸ்டவ்வைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் மண்ணெண்ணெய் வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பர்னர் பழுத்ததும் பம்ப் அடித்து, நடுவில் அடைத்துக்கொண்டால் பின் குத்தி, உஸ்ஸென்று நீலமாக எரியும் வரை அம்மாவின் முகத்தில் ஒரு பதற்றம் இருக்கும். அதை மலைக்கு ஒவ்வாத பொருள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1892-இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் உருவாக்கிய ப்ரைமஸ் அடுப்பின் வம்சம்தான் அது. அமுன்ட்சென் 1911-இல் தென் துருவத்துக்குப் போனது ப்ரைமஸோடு. 1953-இல் எவரெஸ்டின் கடைசி முகாமில் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாக உறைந்துவிட்டது. காலையில் ப்ரைமஸ் தீயில் காட்டி இளக்கித்தான் மாட்டிக்கொண்டார். கடும் குளிரில் கேஸ் கைவிட்டாலும் மண்ணெண்ணெய் கைவிடாது, பம்ப் அடிக்க உங்களுக்குத் தெம்பு இருக்கும் வரை.

இருந்தாலும் அது வீட்டிலேயே இருக்கட்டும். எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. எண்ணெய் ஒருமுறை ஊற்றிய டேங்கை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. விமான நிலையச் சோதனையில் அந்த வாடை ஒன்றே போதும், பொருள் அங்கேயே நின்றுவிடும். இதே தத்துவத்தில் இயங்கும், புட்டியைத் தனியாக இணைக்கும் நவீன அடுப்புகள் 300, 400 கிராமில் வருகின்றன. பனியை உருக்கித்தான் தண்ணீர் என்ற நிலையில், வாரக்கணக்கில் மேலே இருப்பவர்களுக்கு அவை சரி. செப்டம்பர் ஹம்ப்டாவில் வழியெல்லாம் ஓடைத் தண்ணீர் இருக்கிறது. நான்கு இரவுக்காக இத்தனை கரியையும் பிசுக்கையும் கட்டி அழவேண்டாம்.

ஸ்பிரிட் அடுப்புக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. அடுப்பு இலேசுதான், வெட்டிய கேன் இலேசாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஒரு கிராம் ஸ்பிரிட் தரும் வெப்பம் ஒரு கிராம் கேஸ் தருவதில் ஏறத்தாழ பாதிதான் என்பதால், அடுப்பில் மிச்சம் பிடித்த எடையைப் புட்டியில் சுமப்பீர்கள். அணைக்கத் திருகு கிடையாது. பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது; அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றப்போய்க் கை வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றை ஆள், ஒரு டம்ளர் காபி என்றால் பரவாயில்லை. சோறும் ரசமும் கேட்கிறவருக்கு அல்ல.

இனி தம்பியின் 25 கிராமுக்கு வருவோம். அவர் பார்த்தது கேன் தலையில் நேராகத் திருகி வைக்கும் வகை. அந்த வகையில் சற்றுக் கனமானவை 70, 80 கிராம் வரும். வித்தியாசம் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி வேர்க்கடலை! அதற்காக அவர் விட்டுக்கொடுப்பது என்ன என்று பாருங்கள். பாத்திரம் தாங்கும் மூன்று கம்பிகள் விரல் நீளம்கூட இருக்காது. பர்னர் வாய் சிறியது, சுவாலை ஒரே புள்ளியில் குத்தும். இரண்டு லிட்டர் பாத்திரத்தை அதன்மேல் வைத்தால், கேன், ஸ்டவ், பாத்திரம் எல்லாம் சேர்ந்து ஒரு முழ உயரத்துக்கு ஒற்றைக்காலில் நிற்கும். கல்லூரி மாணவர்கள் சிலரோடு போனபோது, ஒருவர் கரண்டியை வைத்துக் கிண்டிய கிண்டலில் பாத்திரம் சாய்ந்து, கொதிக்கும் கிச்சடி இன்னொருவர் கணுக்காலில் கொட்டியது. மறுநாள் அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. எடைக் கணக்கு எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

வெந்நீர் மட்டும் போட்டு, பொட்டலத்தில் ஊற்றிச் சாப்பிடும் தனி ஆளாக இருந்தால் அந்தக் குட்டி ஸ்டவ்வை நானும் வாங்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் சமைக்கப் போகிறவர்கள். உங்களுக்கு நான் சொல்வது, கேனுக்கும் பர்னருக்கும் நடுவில் குழாய் வைத்த, தரையோடு தரையாகப் பரந்து நிற்கும் வகை. 150-இலிருந்து 200 கிராம் வரை இருக்கும். கால்கள் அகலமானவை, பாத்திரம் ஆடாது. கேன் தள்ளி இருப்பதால் அடுப்பைச் சுற்றிலும் அலுமினியத் தகட்டால் காற்றுத் தடுப்பு வைக்கலாம். தலையில் திருகும் வகையில் அப்படிச் சுற்றி அடைத்தால் கேனும் சேர்ந்து சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழாயிலிருந்து வரும் பித்தளைக் கம்பி போன்ற சிறு குழல் ஒன்று சுவாலைக்குள் ஒரு வளைவு போட்டுவிட்டுப் பர்னருக்குள் போக வேண்டும். அது இருந்தால்தான், குளிர் அதிகமானால் கேனைக் கவிழ்த்து வைத்து எரிக்கலாம். ஏன் கவிழ்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், கணவாய்க்கு அப்பால் வரும் ஷியா கோரு முகாமில் உங்களுக்கு அது தேவைப்படலாம்.

கேனுக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வந்தால்தான் எரியும். சாதாரண பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியில் ஆவியாவதை நிறுத்திக்கொள்ளும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும், புரொபேன் மைனஸ் 42 வரை. மலைக்கான நல்ல கேன்களில் ஐசோபியூட்டேனும் புரொபேனும் கலந்திருக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் இந்தக் கணக்கு கொஞ்சம் நமக்குச் சாதகமாகவே நகர்கிறது. 4,000 மீட்டரில் பியூட்டேன்கூட மைனஸ் 13 வரை ஆவியாகும். அப்படியானால் கவலை எதற்கு? எரியும்போது கேன் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும் அதே காரணம்தான், ஆவியாகும் திரவம் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பத்து நிமிடத்தில் கேனின் அடிப்பாதியில் வெள்ளையாகப் பூத்துவிடும். போதாததற்கு, கலவையில் புரொபேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடுவதால் கடைசியில் மிஞ்சுவது சோம்பேறித் திரவம். கேன் குலுக்கினால் தளதளக்கும், ஸ்டவ் எரியாது. கவிழ்த்து வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாய்க்குள் வந்து, நான் சொன்ன வளைவில் சூடேறி ஆவியாகும். கேன் குளிர்ந்தாலும் கவலையில்லை. ஆனால் ஒரு நிமிடமாவது நேராக வைத்து எரித்து, வளைவு சூடான பிறகே கவிழ்க்க வேண்டும். வளைவு இல்லாத ஸ்டவ்வில் கவிழ்த்தீர்களானால் ஆளுயரத்துக்குத் தீ எழும்.

மணாலிக் கடைகளில் இரண்டு வகைக் கேன் இருக்கும். ஒன்று குட்டையாக, அகலமாக, தலையில் மரையோடு. மற்றது கொசு மருந்து ஸ்ப்ரே போல நீளமாக இருக்கும். மேசை ஸ்டவ்வுக்கானது, விலை மலிவு, பெரும்பாலும் வெறும் பியூட்டேன். இடையில் ஒரு இணைப்பான் போட்டால் உங்கள் ஸ்டவ்வில் பொருந்திவிடும் என்று கடைக்காரர் சொல்வார். பொருந்தும், பொய்யில்லை. ஒரு வருடம் அவசரத்தில் அதை வாங்கிப் போய், கணவாய்க்கு முந்தைய முகாமான பாலு கா கேராவில் விடியற்காலை ஆறு மணிக்கு, பொட்டு அளவு சுவாலையைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் கேனை நிறுத்தியதும் சுவாலை குபுக்கென்று எழுந்தது. அந்த வெதுவெதுப்பான தண்ணீர், இரவு முழுக்க என் தூக்கப்பைக்குள் கிடந்த குடிநீர். (தண்ணீர் கைபொறுக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது. தீயில் காட்டுவது தற்கொலைக்குச் சமம்.) ஆகவே மரை வைத்த கேனாக, சீட்டில் புரொபேன் கலவை என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வால்வைப் பாருங்கள்; கீறலோ பிசுபிசுப்போ இருந்தால் யாரோ வீட்டுச் சிலிண்டரிலிருந்து மறுநிரப்பியது. தொடாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்கு ஃபோன் செய்து இருப்பைக் கேட்டுவிடுவது நல்லது.

எத்தனை கேன்? நீங்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். வழிகாட்டியின் தட்டை விட்டுவிட்டீர்கள். நாள் முழுக்க உங்களோடு நடக்கிறவர் இரவில் எங்கே சாப்பிடுவார்? மூன்று பேர் கணக்கே போடுவோம். காலையும் மாலையும் தேநீர், காலைப் பலகாரம், இரவுச் சோறு, ரசம், படுக்கும்போது புட்டிகளுக்கு வெந்நீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் கொதிக்கவைப்பீர்கள். காற்றில்லாத இடத்தில் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் கேஸ் போதும். காற்றையும் சோறு வேகும் நேரத்தையும் சேர்த்தால் நாளுக்கு 100 கிராம். நான்கு நாளுக்கு 400. எனவே 230 கிராம் கேன் இரண்டு. 450 கிராம் கேன் ஒன்று வாங்கினால் எடை கொஞ்சம் குறையும், ஆனால் ஒரே வால்வை நம்பிக் கணவாய் ஏறுவதை நான் விரும்பமாட்டேன். மீதி எவ்வளவு என்று அறிய, புதுக் கேனை ஓடையின் தேங்கிய நீரில் மிதக்கவிட்டு நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். தீரத் தீர மேலே எழும்பி மிதக்கும்.

சோற்றுக்கு வருவோம், உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். மேலே தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது. 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி என்ற கணக்கில், வழியில் வரும் சிகா முகாமில் 90 டிகிரியிலேயே தளபுளவென்று கொதிக்கும். ஷியா கோருவில் 87. துவரம் பருப்பை அங்கே விடிய விடிய வேகவைத்தாலும் கல்லாகத்தான் இருக்கும். இமாசலத்தில் சமையல்காரர்கள் முதுகில் பிரஷர் குக்கர் ஏறிப் போவது அதனால்தான். நீங்கள் குக்கர் சுமக்கப்போவதில்லை. எனவே முதல் இரண்டு இரவு மட்டும் சோறு: மெல்லிய பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் கொதித்ததும் அணைத்து, பாத்திரத்தைக் கம்பளிச் சட்டையில் சுற்றி இருபது நிமிடம் வைத்துவிடுங்கள். தன் சூட்டிலேயே பூத்துவிடும், கேஸும் மிச்சம். மீதி இரவுகளில் அவல். ரசத்துக்கு எந்தத் தடையும் இல்லை. பருப்பில்லாமல் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட ரசத்துக்கு ஒரு கொதி போதும், 87 டிகிரி அதற்குத் தாராளம். கணவாய் தாண்டி நனைந்த சாக்ஸோடு இறங்கி வந்து டம்ளரில் மிளகு ரசம் குடித்துப் பாருங்கள்! காலையில், வீட்டிலேயே தாளித்து வறுத்துக் கொண்டுபோன ரவையில் கொதிநீரை ஊற்றிக் கிளறினால் உப்புமா. பாத்திரம் டைட்டானியம் வேண்டாம், அடி பிடிக்கும். அடி அகலமான அலுமினியப் பாத்திரம், இறுக மூடும் மூடியோடு, இரண்டு லிட்டர்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மழையோ குளிரோ, மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை ஏற்றாதீர்கள். துணி பற்றிக்கொள்வது ஒரு பக்கம். கார்பன் மோனாக்சைடு அதைவிட மோசம். மணமில்லை, நிறமில்லை, தலைவலியை உயரத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவீர்கள். வாசல் திறந்திருக்க, வெளியே வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

கொல்லிமலை, வால்பாறை யோசனையைக் கைவிடுங்கள். நம் காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம், ஸ்டவ்வானாலும் சரி. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு அதைப் பற்றி வாதம் செய்ய என்ன இருக்கிறது? உங்களுக்குக் காடு தேவையே இல்லை. கோவையில் மொட்டை மாடி இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்துகொண்டிருக்கிறது. அம்மியையே நகர்த்தும் காற்று, ஸ்டவ்வைச் சும்மா விடுமா?

இங்குள்ள மலையேற்றக் கடையில் ஒரு கேன் வாங்குங்கள். பயணத்துக்கு அல்ல, இங்கேயே எரித்துத் தீர்ப்பதற்கு. சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, மாலை ஐந்து மணிக்கு மாடியில் வெறும் காற்றில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கவையுங்கள். மறுபடி நிறுங்கள். பிறகு தகட்டுத் தடுப்பைச் சுற்றி வைத்து இன்னொரு லிட்டர். இரண்டுக்கும் இடையில் எத்தனை கிராம் வித்தியாசம் என்று தம்பியையே எழுதச் சொல்லுங்கள். திருகும்போது மரை ஏறுமாறாக மாட்டிக்கொள்ளாமல் விரல் நுனியால் முதல் சுற்று போடுவது, கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்பது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அங்கேயே கைக்குப் பழகிவிடும். ஸ்டவ்வோடு வரும், அழுத்தினால் தீப்பொறி தெறிக்கும் பொத்தான் உயரத்தில் அடிக்கடி மக்கர் செய்யும். தீக்கல் லைட்டரால் பற்றவைத்தே பழகுங்கள்.

திரும்பும்போது காலிக் கேன்களை, நடை முடியும் சத்ரு என்ற இடத்தில் விட்டுவிடாமல் மணாலிக்குக் கொண்டுவாருங்கள். கேஸ் மிச்சமிருக்கும் கேனை வழிகாட்டியிடமே கொடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் அவருக்குத் தேநீருக்கு ஆகும்.